வலியைச் சொல்ல இயலாத நோயாளி

1956-ஆம் ஆண்டில் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் பாறசாலையை அடுத்த எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் இன்றும் கலந்தே வழங்குகின்றன. இங்குள்ள நோயாளி பாறசாலைக்கோ நெய்யாற்றின்கரைக்கோ செல்லலாம். எல்லை கடந்து குழித்துறைக்கும் செல்லலாம். பேச வல்லவருக்கு இதனால் பெருந்தொல்லை இல்லை. அறிவுத்திறன் குறைபாட்டுடன் பேச்சுக் குறையோ பார்வைக் குறையோ உடையவரின் நிலை வேறு.

அத்தகையவர் உணவை மறுக்கிறார். தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார். இதற்குப் பல்வலியோ, காதுச் சீழோ, மலச்சிக்கலோ காரணமாக இருக்கலாம். ஆனால், ‘இது இவருடைய இயல்பு’ என்று கருதிப் பரிசோதனையைத் தள்ளிவிடுவது எளிது. குறைபாடு நோயை மறைக்கும் இந்நிலையை ரீஸ் என்னும் அமெரிக்க உளவியலாரும் அவர்தம் குழுவினரும் 1982-இல் எடுத்துக்காட்டினர். இங்கிலாந்தில் 2013-இல் வெளியான விசாரணை அறிக்கையொன்று, அறிவுத்திறன் குறைபாடுடைய ஆண்கள் பிறரைவிடச் சுமார் 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாக இறப்பதைக் கண்டது. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் ஏற்பட்ட தாமதம் அதற்கான காரணங்களுள் ஒன்று.

நமது நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சிகிச்சையில் இவர்களுக்கு முன்னுரிமை அளிக்கிறது. அது நன்று. எனினும், வரிசையில் முன்னிடம் கிடைத்தும் வலியின் இடம் தெரியாவிடில் பயன் யாது?

இங்கிலாந்தில் இத்தகைய நோயாளிகள் தம்மைப் பற்றிய குறிப்பேடு ஒன்றை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்கின்றனர். நம் எல்லைக் கிராமங்களுக்கு ஒரே தாள் போதும். ஒரு பக்கம் மலையாளத்திலும் மறு பக்கம் தமிழிலும் எழுதப்படவேண்டும். வலி வந்தால் அவர் எவ்வாறு நடந்துகொள்வார்? ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றை எவ்வாறு உணர்த்துவார்? விழுங்குவதில் இடர் உண்டா? வலிப்பு மருந்து எது, எவ்வளவு, எந்நேரம்? அம்மருந்து ஒரு வேளை தவறினும் வலிப்பு வரக்கூடும்.

தாய் இவையனைத்தும் அறிவாரே எனலாம். உண்மை. ஆனால், தாயும் முதுமை அடைகிறார், நோயுறுகிறார். நள்ளிரவில் அயலார் ஒருவரே உடன் செல்ல நேரலாம். ஆகவே, தாய் அறிந்ததை அவர் நலமாயிருக்கும்போதே எழுதிவைத்தல் வேண்டும். அக்குழந்தையை நாள்தோறும் காணும் ஆசிரியரும், வீட்டுக்குச் செல்லும் சுகாதார ஊழியருமே இதற்கு ஏற்றவர்கள். மருந்து மாறுந்தோறும் தாளும் திருத்தப்படவேண்டும். செலவு சொற்பம், தவிர்க்கப்படுவதோ ஓர் உயிரின் இழப்பாக இருக்கலாம்.