திட்டப் பொறியாளரின் வேலை நேரமும் கணக்கில் வர வேண்டும்

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் பணிபுரியும் மேலாளர்கள், பொறியாளர்கள் சார்பில் எங்கள் சங்கம் இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு அது வழிவிடும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மூன்றே நாளில் அதை அரசு நிறுத்திவைத்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்த முடிவு சரியானது. ஆனால் புதிய லைன் நிறுவும் குழுக்களில் பலருக்கு 12 மணி நேர வேலை, எந்த மசோதாவும் இல்லாமலே, அன்றாட வழக்கமாகிவிட்டது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் உழைத்தால் இரட்டிப்புக் கூலி என்றது. மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விதிவிலக்கு அளிக்கவும் இடம் வைத்தது. அதனால் ஒரே இயந்திரத்தின் முன் இரவு பத்து மணிவரை நிற்கும் இருவரில் ஃபிட்டருக்கு ஓ.டி. பதிவாகிறது, பொறியாளரின் நேரம் எங்கும் பதிவாவதில்லை. சென்னையிலிருந்து வருபவர் என்றால் கம்பெனி பஸ் போயிருக்கும்; புறநகர் ரயிலைப் பிடித்து, மறுநாள் ஜெனரல் ஷிப்டுக்குத் திரும்ப வேண்டும்.

பர்ன்அவுட் எனப்படும் பணிச்சோர்வை உலக சுகாதார அமைப்பு தன் ஐசிடி-11 வகைப்பாட்டில் நோயாக அல்ல, வேலை சார்ந்த நிகழ்வாகவே சேர்த்திருக்கிறது. வேலையிடத்தில் நீடிக்கும் அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்பது அதன் விளக்கம். கையாள வேண்டியது மேலாளர். யோகா வகுப்பும் ஊக்கப் பேச்சும் நல்லவைதான். ஆனால் அந்தக் கடமைக்கு அவை ஈடாகாது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுகிறது என்று அந்த அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணித்தன.

சோர்வு எங்கே தொடங்குகிறது என்பதை இந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். வடகிழக்குப் பருவமழையில் சிவில் வேலை தள்ளிப்போகிறது. துறைமுகத்தில் இயந்திரம் தங்கிவிடுகிறது. பேனல் வரத் தாமதமாகிறது. ஆனால் கமிஷனிங் தேதி மட்டும் அசைவதில்லை. முன்னால் தொலைந்த வாரங்கள் எல்லாம் கடைசியில் வரும் எலக்ட்ரிக்கல், ஆட்டோமேஷன் ஆட்களின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. இதைத் திட்டத் தேதியின் தவறு என்று சொல்லாமல், குழுவுக்கு ஈடுபாடு போதாது என்று சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை.

எனவே முதல் கோரிக்கை: பொறியாளர், ட்ரெய்னி, ஒப்பந்தப் பணியாளர் எவரானாலும் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் பதிவாக வேண்டும், ஆலைத் தலைவர் வாரம் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். யாராவது தொடர்ந்து இரண்டு வாரம் 55 மணி நேரத்தைத் தாண்டினால் ஆள் கூட வேண்டும், அல்லது தேதி நகர வேண்டும். வாடிக்கையாளரிடம் தாமதத்தைச் சொல்வது மேலாளரின் வேலை; அபராத ஒப்பந்தங்களின் நெருக்கடி எங்களுக்குத் தெரிந்தே இதைச் சொல்கிறோம்.

ஷட்டவுன் நாட்களில் நீண்ட நேரம் உழைப்பதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அது முடியும் தேதி முதலிலேயே தெரிய வேண்டும். இழந்த வார விடுமுறையை இரண்டு மாதத்துக்குள் தர வேண்டும் என்று தொழிலாளிக்குச் சட்டம் வகுத்த முறையைத் திட்டக் குழுவுக்கும் பொருத்த வேண்டும். இரவு அழைப்புக்கு முறைவைத்து ஒருவர் இருக்கட்டும். மற்றவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பதில் சொல்லவில்லை என்று காலைக் கூட்டத்தில் கேட்கக் கூடாது. ஒரு வேலையின் விவரம் ஒருவர் தலையில் மட்டும் இருந்தால் அவருக்கு விடுப்பே கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு முக்கியப் பொறுப்புக்கும் இரண்டாவது ஆள் வேண்டும்.

வரும் ஆயுதபூஜை ஷட்டவுனிலிருந்து இந்த நேரப் பதிவைத் தங்கள் பிரிவுகளில் தொடங்குமாறு மேலாளர் பொறுப்பிலுள்ள எங்கள் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.