எந்தக் கோலால் அளந்தாய்?



அறிவியலுக்குத் தமிழ் ஆகாது, கணிப்பொறிக்கோ ஆகவே ஆகாது என்று கற்றோர் சிலர் இன்றும் நாக்கூசாது சொல்லித் திரிகின்றனர். அன்னார்க்கு விடைகூற வானத்தைத் தேட வேண்டா. காலடி மண்ணே போதும். நில அளவை என்னும் ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அயன்மொழிச் சொல்லைப் பொருளறியாது உருப்போடுவதால் விளையுங் கேட்டினை ஈண்டுக் காட்டுவோம்.

முதலாம் இராசராசன் ஆட்சியில், ஏறத்தாழ 1001-ஆம் ஆண்டளவிற் சோழநாட்டு நிலம் அளக்கப்பெற்றது. சோழர் காலக் கல்வெட்டுகள் பன்னிருசாண் கோல், பதினறுசாண் கோல், பதினெண்சாண் கோல் என அளவுகோலைப் பெயர்சுட்டியே குறிக்கின்றன. கோயிற்சுவர் சிலவற்றிற் கோலின் நீளத்தையே வெட்டி வைத்தனர். ஏன்? பதினெண்சாண் கோலால் 100 குழி என அளந்த நிலம், பன்னிருசாண் கோலால் 225 குழியாகும். மண் ஒன்றே, எண்தான் வேறு. கோலின் பெயர் சொல்லாத எண் பொருளற்ற எண் என்பதைப் பனையோலைக் கணக்கர் அறிந்திருந்தனர். கணிப்பொறிக் கணக்கர் அறிவரா?

இன்று கோல் போய்ச் செயற்கைக்கோள் வந்துள்ளது. ஒவ்வொரு புள்ளிக்கும் கிழக்களவு ஒன்றும் வடக்களவு ஒன்றும் உண்டு. அவ்விரண்டையும் ஆயத்தொலைவு என்கின்றனர். அவ்வெண்களும் ஒரு கோலைச் சார்ந்தவையே. உருண்டையான ஞாலத்தைத் தட்டையான தாளிற் படுக்கவைக்கும் முறை பலவாதலின், கோலும் பலவாயிற்று.

1802-இல் வில்லியம் இலாம்டன் நம் பரங்கிமலைக்கு அருகில் அடிக்கோடு அளந்து பெருநில அளவையைத் தொடங்கினார். அவர்க்குப் பின்வந்த எவரெசுட்டு 1830-இற் கணித்த ஞால உருண்டைக்கு நடுவிலிருந்து நிலநடுக்கோடு வரை 63,77,276 மீட்டர். பழைய நிலப்படங்கள் இவ்வுருண்டைமேல் வரையப்பட்டவை. செயற்கைக்கோட் கருவிகள் கைக்கொள்ளும் 1984-ஆம் ஆண்டின் உலக அளவை முறையிலோ அது 63,78,137 மீட்டர். இரண்டுருண்டைகளின் நடுப்புள்ளியும் ஒன்றன்று. ஆதலின் ஒன்றன் எண்ணை மற்றொன்றன் எண்ணாகக் கொண்டால், தமிழ்நாட்டில் இடம் நூறு மீட்டருக்கும் மேலாக விலகும்.

அடுத்தது பட்டை. மெர்க்கேட்டர் குறுக்கு முறையில் ஞாலத்தை 6 பாகைக்கு ஒன்றாக 60 பட்டைகளாகப் பகுத்துள்ளனர். 43-ஆம் பட்டைக்கும் 44-ஆம் பட்டைக்கும் எல்லையாகிய 78 பாகை நெடுங்கோடு தமிழ்நாட்டை ஊடறுத்துச் செல்கிறது. திண்டுக்கல் அதற்குச் சற்றே மேற்கில். மதுரை சற்றே கிழக்கில். இது மாற்றார் சூழ்ச்சியன்று, உலகப் பொதுக்கணக்கே. ஆயின் அக்கோட்டின்மேல் நிற்கும் வயலின் கிழக்களவு 43-ஆம் பட்டையில் ஏறத்தாழ 8,29,000 மீட்டர். 44-ஆம் பட்டையில் ஏறத்தாழ 1,71,000 மீட்டர். வயல் நகரவில்லை, வரப்பு நகரவில்லை, எண் மட்டும் நகர்ந்தது.

இனி, சாலையும் பாலமும் வரையப் பொறியாளர் கையாளும் 'சிவில் 3டி' முதலிய மென்பொருள்களைக் காண்போம். வரைவின் அமைப்பிற் பட்டையின் பெயரை 43 என்பதிலிருந்து 44 என மாற்றிவிட்டாற் புள்ளிகளும் மாறிவிட்டன என்று நம்புவாருளர். அவை மாறா. பழைய எண்களின் தலைமேற் புதுப்பெயர் ஏறும், அவ்வளவே. 8,29,000 என்னும் பழைய எண்ணை 44-ஆம் பட்டையிற் படித்தால், நம் வயல் இலங்கைக்கும் கிழக்கே வங்கக் கடலிற் போய் வீழும்! செய்யவேண்டியது யாது? பழைய முறையின் பெயர் பொறித்த வரைவிலிருந்து புள்ளிகளைக் கோப்பாக வெளியில் எழுதுக. புதுமுறையின் பெயர் பொறித்த வேறொரு வரைவில், மாற்றிக் கணிக்குமாறு பணித்து, அக்கோப்பினை உட்கொள்க. முன்னரே இடமறிந்த கல் ஒன்றனை வைத்து விடையைச் சரிபார்க்க.

கூர்ந்து நோக்குமின்! முன்னது பெயரிடல், பின்னது பெயர்த்தல். பயிற்றுவோர் ஆங்கிலச் சொல் இரண்டினையும் முணுமுணுத்து, இரண்டிற்கும் 'மாற்று' என்றே பொருள் சொல்லி, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை மட்டும் காட்டிச் செல்கின்றனர். பெயரிடல் வேறு, பெயர்த்தல் வேறு என்று தமிழில் ஒருமுறை சொன்னால், ஒன்பதாம் வகுப்பு மாணவனும் வாழ்நாள் முழுதும் மறவான். தமிழ் ஆகாதென்போர் இதற்கு விடை கூறட்டும்.

கடலில் வீழும் பிழை கண்ணுக்குத் தெரியும்; வரப்பைத் தாண்டும் பிழையோ தெரியாது. பட்டையின் விளிம்பில், நிலத்தின் ஒரு கிலோமீட்டர் தொலைவு வரைவில் ஏறத்தாழ 90 செண்டிமீட்டர் மிகுந்து நிற்கும். பரப்பிற் பார்த்தால் 100 ஏக்கருக்கு ஏறத்தாழ 18 செண்டு. பட்டையின் நடுவிலோ தொலைவு குறைந்து காட்டும். சாலைக்கென நிலம் எடுக்கும்போது, அளந்த கோல் ஒன்று, வரைந்த கோல் வேறொன்று எனின், இழப்பீட்டுத் தாளில் உழவனுக்கு எழுதப்படும் எண் எந்தக் கோலுக்குரியது? அவன் கேட்க அறியான். அவனுக்குச் சொல்ல வேண்டியவனோ அயன்மொழிச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறான். மொழி இழப்பு நில இழப்பாவது இவ்வாறுதான்.

கிண்டிப் பொறியியற் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகவே தோன்றியது. அண்ணா பல்கலைக்கழகத்திற் கட்டடப் பொறியியலைத் தமிழில் பயிற்றும் வகுப்பு 2010-இற்றான் தொடங்கியது. இடைப்பட்ட 216 ஆண்டுகள் யார் கைகளைக் கட்டின? ஈழத்துப் பாடநூல்கள் ஆள்கூறு, அகலக்கோடு, நெடுங்கோடு எனத் தமிழாய்ப் பேச, தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என வடசொல்லைச் சுமப்பது யாருக்குப் பெருமை?

நம்மவர்க்கும் ஒரு சொல். துறையைக் கல்லாது சொல்லை மட்டும் ஆக்கிப் பட்டியலிட்டுப் பேழையிற் பூட்டுவது தமிழ்த்தொண்டாகாது. அளவைக்கோல் பிடித்தவனோடு வெயிலில் நின்று, அவன் செய்வதை அறிந்து, அவன் வாயில் நிற்குஞ் சொல்லை ஆக்குவதே தொண்டு.

எனவே மூன்றினைக் கேட்போம். நில அளவைப் பயிற்சி நூல்கள் தமிழில் வரவேண்டும். நிலமெடுப்புக்குரிய ஒவ்வொரு வரைபடத்திலும் எந்த உருண்டை, எந்தப் பட்டை, நிலத்தளவா வரைவளவா என்பது தமிழில் எழுதப்படல் வேண்டும். ஈழமும் தமிழ்நாடும் இத்துறைச் சொற்களை ஒன்றாக்கிக்கொள்ளல் வேண்டும்.

எண்ணைக் காட்டி எவன் வரினும், தமிழ உழவனே, அவன் முன் நிமிர்ந்து நின்று கேள்: "எந்தக் கோலால் அளந்தாய்? என் மொழியிற் சொல்!"