நாற்காலி மட்டும் போதுமா?

“பங்குப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், புதிய தலைமையாசிரியைக்குத் திறமை போதாது.” திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் இவ்வாறு தீர்ப்பளிப்போரிடம் ஒரு கேள்வி: உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தனித் தலைமையாசிரியர் கணக்கில் வருவார். 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். எனவே, நம் சிறிய நிதியுதவிப் பள்ளிகளில் தலைமை ஏற்பவர் வகுப்பையும் விடுவதற்கில்லை. கரும்பலகையில் பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டு இணையத்தில் வருகையைப் பதிகிறார். சத்துணவைச் சுவைத்துப் பார்க்கிறார். 2025 ஆகஸ்டு முதல் நகர்ப்புற நிதியுதவிப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டது. பசித்த பிள்ளைக்கு அது வரம். மேற்பார்வையோ அவர் தலையில். துணைக்கு எழுத்தர் இல்லை. நேற்றுவரை ஆசிரியை, இன்று நிருவாகி; இடையில் பயிற்சி தந்தவர் யார்?

அரசைக் குறைகூறுவது எளிது. அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு பள்ளியை நிறுவ மட்டுமன்று, நடத்தவும் நமக்கு உரிமை தந்தது. நியமன ஆணையில் தாளாளர் கையொப்பமிடுவதோடு நடத்துதல் முடிந்துவிடுமா? பதவிக்கு முன்னே பயிற்சியை மறைமாவட்டம் தரட்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வாழும் நம்மில் ஓய்வுபெற்ற எழுத்தர்களும் தலைமையாசிரியர்களும் இல்லையா? வாரம் ஒரு மாலை பதிவேடுகளுக்கு உதவலாகாதா?

கல்வாரி வழியில் வேடிக்கை பார்த்தோர் பலர். தோள்கொடுத்த சீமோன் ஒருவரே. நாம் யார்?