ஆளோலையை யார் காட்டவேண்டும்?

திருநாவலூர் என்றதும் சுந்தரர் பிறந்த ஊர் என்பார்கள். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளையின் கல்யாணம் நின்றுபோன கதையை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதினார். பக்தியோடு படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். நான் அதை ஓர் அடிமை வழக்காகப் படிக்கிறேன். அடிமை என்று ஒருவரைச் சொன்னால், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விக்கு அந்தக் கதை மிகத் தெளிவான விடை வைத்திருக்கிறது.

மணப்பந்தலுக்கு ஒரு கிழவர் வருகிறார். மாப்பிள்ளை தன் அடிமை என்கிறார். சுந்தரர் சிரிக்கிறார், ஓர் அந்தணர் இன்னொரு அந்தணருக்கு அடிமையாவதை இன்றுதான் கேள்விப்படுகிறேன் என்கிறார். கிழவரிடமிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தும் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சபை கிழவரிடம்தான் சான்று கேட்கிறது. ஆட்சி, அதாவது நெடுநாள் வழக்கம், ஆவணம், அயலார் சாட்சி. இந்த மூன்றில் ஒன்றையாவது காட்டு என்கிறது. கிழிந்தது படி, மூலம் என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். சுந்தரரின் பாட்டனார், தானும் தன் வழிவந்தோரும் அடிமை என்று எழுதிக்கொடுத்த ஓலை அது. பாட்டனாரின் வேறொரு கையெழுத்தைக் காப்பகத்திலிருந்து எடுத்துவந்து, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சபை தீர்ப்புச் சொல்கிறது.

சுந்தரர் தோற்றார். ஆனால் அவருக்கு ஒரு விசாரணை கிடைத்தது. அவருடைய வியப்பைத்தான் நாம் கவனிக்கவேண்டும். ஓர் அந்தணர் அடிமையா என்பதுதான் அங்கே கேள்வி. ஒரு மனிதர் இன்னொருவருக்கு அடிமையாகலாமா என்பதல்ல. இதே கிழவர் ஒரு சேரிக் கல்யாணத்துக்குப் போயிருந்தால் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். சபை கூடியிருக்காது.

பஞ்சத்தில் மேல்சாதியாரும் அடிமையானது உண்டு. 1201-இல் திருப்பாம்புரத்தில் ஒரு வெள்ளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றதைக் கல்வெட்டு சொல்கிறது. அவர் பஞ்சத்தால் அடிமையானார். பறையரும் பள்ளரும் பிறப்பாலேயே பண்ணையாள், படியாள் ஆனார்கள். ஓலை இருந்த இடத்திலும் அதை எழுதியவர், படித்தவர், பெட்டியில் வைத்துக் காத்தவர் எல்லாம் ஆண்டைதான். மற்ற இடங்களில் சாதியே ஓலை. அதைக் கிழிக்கவும் முடியாது.

1843-இன் சட்டம், ஒருவரை அடிமை என்று உரிமை கோருவதை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. ஆனால் 1859-இல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப்போனால் அது தண்டனைக்குரிய குற்றம். 1925-இல்தான் அதை நீக்கினார்கள். அடிமை என்ற சொல் போனது. முன்பணம் என்ற சொல் வந்தது.

முன்பணம் ஏன் தீர்வதில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சூளைக்குப் போகிறது. வாரம் 4,000 ரூபாய்க்கு உழைக்கிறது. முதலாளி 2,000 என்று எழுதி, அதையும் சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுத்துவிடுகிறார். கடன் அப்படியே நிற்கும். நியாயமான கூலியை எழுதியிருந்தால் 20 வாரத்தில் தீர்ந்திருக்கும். கடன் கொடுத்தவர், கூலியை முடிவுசெய்பவர், கணக்கு நோட்டு வைத்திருப்பவர் மூவரும் ஒரே ஆள். வேறு இடத்தில் கூடுதல் கூலி கிடைத்தாலும் போகமுடியாது. இது வட்டிக்கடன் அல்ல, ஆளைப் பிடித்துவைக்கும் கயிறு.

1976-இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இதைப் புரிந்துகொண்ட சட்டம். அதன் 15-ஆம் பிரிவு, இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது என்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நமது கல்வராயன் மலை மக்கள் ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த நிலையிலிருந்து விடுபட்டதும் அதே 1976-இல்தான்.

ஆனால் நடப்பது என்ன? மீட்கப்பட்ட குடும்பத்திடம்தான் அதிகாரிகள் கேட்கிறார்கள்: எவ்வளவு வாங்கினாய்? எந்தத் தேதியில்? சீட்டு இருக்கிறதா? பூட்டி வைத்திருந்தார்களா? எழுதத் தெரியாதவரிடம், எழுதிக் கொடுக்கப்படாத கணக்குக்குச் சான்று கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மறுவாழ்வுத் திட்டமோ உதவித்தொகையை முதலாளிக்குக் கிடைக்கும் தண்டனையோடு இணைத்தது. முதலாளி தப்பினால் தொழிலாளியின் சொல் பொய்யாகிவிடுமா?

ஓர் அந்தணரை அடிமை என்றபோது, சொன்னவரே ஓலை காட்டவேண்டும் என்று கேட்கத் தெரிந்த நாடு இது. அந்த நீதியை ஓர் இருளர் குடும்பத்துக்கும் அருந்ததியர் குடும்பத்துக்கும் கொடுப்பதில் என்ன தடை? சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தோழர்கள் அடுத்தமுறை கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகும்போது 15-ஆம் பிரிவை முதல் வரியிலேயே எழுதுங்கள். சீட்டு எங்கே என்று கேட்டால், அதை முதலாளியிடம் கேளுங்கள் என்று சொல்லுங்கள்.