அம்மாவுக்குக் கேட்கிறதா?

வீட்டுக்குள்ளே ஒரு சினிமாக் கொட்டகையைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசை எங்களில் யாருக்கு முதலில் வந்தது என்று இப்போது விசாரித்தால், ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பையன் என்னைக் காட்டுவான். நான் என் மனைவியைக் காட்டுவேன். பணம் கொடுத்தவன் நான் என்பதில் மட்டும் அபிப்பிராய பேதம் கிடையாது. 14,000 ரூபாய். அதற்கு ஐந்து சின்னப் பெட்டி, ஒரு பெரிய பெட்டி, ஒரு ரிமோட், ஒரு பந்து கம்பி, எல்லாம் ஒரே அட்டைப் பெட்டிக்குள் அடங்கி வந்து சேர்ந்தன. அட்டையின்மேல் தங்க எழுத்தில் "8,000 வாட்" என்று போட்டிருந்தது.

அன்று இரவு படம் போட்டோம். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. படத்தில் மழை பெய்தபோது எங்கள் ஹாலின் பின்சுவரிலும் பெய்தது. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. 82 வயதான என் தாயார் மட்டும் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் என் பக்கம் திரும்பி, "என்னடா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறு பெட்டி வைத்தும் பேச்சுக் கேட்கவில்லை! டெலிவிஷன் தன் சொந்தக் குரலில் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்குப் பாதியாவது கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பாதியையும் செலவழித்துப் போக்கிவிட்டோம்.

அதற்குப் பிறகு ஒரு வருஷ காலம் கடை கடையாக ஏறி இறங்கியதில் நான் கொண்ட அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த செலவில் சுற்றொலி வாங்க நினைப்பவர் பெட்டிகளை எண்ணவே கூடாது. முன்பக்கத்துக்கு நல்லதாக மூன்று பெட்டி. அவற்றிலும் நடுப்பெட்டிக்கு முதல் மரியாதை. பின்பக்கத்துப் பெட்டிகள் கையில் காசு சேர்ந்த பிறகு வந்தால் போதும். பழைய கணக்கில் சொன்னால், ரூபாயில் 12 அணாவை முன்பக்கத்துக்கே செலவிட வேண்டும். கடைக்காரர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார். அவருக்குப் பெட்டி விற்க வேண்டும்.

அந்த 8,000 வாட் சங்கதியைக் கேளுங்கள். பெரிய பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் ஒட்டியிருந்த சின்னத் தகட்டில், அது சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 60 வாட் என்று பொடி எழுத்தில் இருந்தது. உள்ளே 60 வாங்கிக்கொண்டு வெளியே 8,000 கொடுக்கும் யந்திரம் என்றால் அதைப் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்வானேன்? மின்சார வாரியத்துக்கே கொடுத்துவிடலாமே! பி.எம்.பி.ஓ. என்று போடுகிற வாட்டுகளெல்லாம் இந்த ஜாதிதான். இப்படித்தான் அளக்க வேண்டும் என்று ஒரு பொது விதி அதற்குக் கிடையாது, அவரவர் மனோதர்மம். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நிஜ வாட்டுக்கும் மயங்க வேண்டியதில்லை. வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு "இரட்டிப்புச் சத்தம்" என்று தோன்றவேண்டுமானால் 10 டெசிபல் வேண்டும். அதற்கு வாட்டு பத்து மடங்காக வேண்டும். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஹாலில் படம் பார்க்கச் சராசரியாக ஓரிரண்டு வாட்டே போதுமானது. வெடி வெடிக்கிற சமயத்துக்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும், அவ்வளவுதான். ஆகவே வாட்டைக் கேட்காமல், ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 85 டெசிபல் பெட்டிக்குத் தேவைப்படும் சக்தியில் பாதியைக் கொண்டே 88 டெசிபல் பெட்டி அதே சத்தத்தைக் கொடுத்துவிடும்.

இன்னொரு விஷயம், பெட்டி எத்தனை என்பதல்ல, உள்ளே போகும் ஒலி எத்தனை என்பது. எங்கள் யந்திரத்தின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டே துவாரங்கள் இருந்தன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டே ஒலிதான் உள்ளே போக முடியும். அதையே பிரதி எடுத்து ஐந்து பெட்டிக்கும் விநியோகம் செய்துவிட்டு, அதற்கு 5.1 என்று நாமகரணம். பின்சுவரில் மழை பெய்ததாகச் சொன்னேனே, அது முன்பக்கத்து மழையின் நகல்தான். கதாநாயகன் பேசியபோது அவனும் பின்பக்கத்திலிருந்து பேசினான். அதனால்தான் அம்மா குழம்பிப்போனாள். நிஜமான 5.1 வேண்டுமானால் எச்.டி.எம்.ஐ. துவாரமோ, ஒளிக்கம்பித் துவாரமோ இருக்க வேண்டும். அதன் வழியே வரும் டால்பி, டி.டி.எஸ். ஒலியைப் பிரித்தறியும் திறமையும் யந்திரத்துக்கு இருக்க வேண்டும். கடைக்குப் போனவுடன் பெட்டியின் முகத்தைப் பார்க்காதீர்கள். முதுகைத் திருப்பச் சொல்லுங்கள்.

மனிதர்களைச் சுற்றி ஒலியை நிறுத்தும் யோசனை ஒன்றும் புதிதல்ல. 1940-லேயே வால்ட் டிஸ்னி தமது "பேண்டஸியா" படத்துக்காகப் பல வழி ஒலியை ஏற்பாடு செய்தார். செலவு தாங்காமல் அது சில கொட்டகைகளோடு நின்றுபோயிற்று. 1992-ல் "பேட்மேன் ரிட்டர்ன்ஸ்" வந்தபோது, பிலிம் சுருளின் ஓரத்துத் துளைகளுக்கு நடுவே கிடந்த இடத்தில் எண்களாகவே ஒலியைப் பொறித்து, ஐந்து வழியும் ஓர் அதிர்வு வழியும் கொடுத்தார்கள். நம் வீட்டுக்கு வந்திருக்கும் 5.1 அதன் வாரிசு.

ஆனால் எந்தக் கொட்டகையானாலும் பேச்சு வருவது நடுவிலிருந்துதான். வெள்ளைத் திரையில் கண்ணுக்குத் தெரியாத பொடித் துவாரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்; அதன் பின்னால் நிற்கும் நடு ஸ்பீக்கரிலிருந்து வசனம் வரும். ஓரத்து நாற்காலிக்காரருக்கும் நடிகர் வாயிலிருந்தே பேச்சு வருவதாகத் தோன்றுவது அதனால்தான். வீட்டிலும் இதே கணக்கு. இரண்டு நல்ல பெட்டிகளுக்கு நட்டநடுவே ஒருவர் மட்டும் உட்கார்ந்து படம் பார்ப்பதானால் நடுப்பெட்டி இல்லாமலே பேச்சு நடுவில் நிற்கும். ஆனால் குடும்பம் என்றால் எல்லோரும் நட்டநடுவில் உட்கார முடியுமா? நடு இடத்தில் பையன் இருப்பான். வயதானவர்களுக்குக் கிடைப்பது ஓர நாற்காலி. நடுப்பெட்டி அந்த நாற்காலிக்காக வேண்டியது.

வயதானால் காது எல்லா ஒலியையும் சமமாக இழப்பதில்லை. உச்ச ஒலிகளே முதலில் போகின்றன. 'அ', 'ஓ' போன்ற உயிரெழுத்துக்கள் கீழ்ச்சுருதியில் பலமாக ஒலிப்பவை, அவை கேட்கும். சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டுகிற 'ச', 'த', 'க' எல்லாம் மெலிந்த உச்ச ஒலிகள், அவைதாம் நழுவிவிடும். "சத்தம் கேட்கிறது, என்ன என்றுதான் தெரியவில்லை" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் தடதடவென்று அதிர்வுப் பெட்டி வேறு முழங்கினால், இருக்கிற கொஞ்சமும் அமுங்கிப்போகும்.

மலிவான பெட்டிகளில் இன்னொரு கோளாறும் உண்டு. உள்ளங்கை அகலப் பெட்டியால் ஆண்குரலின் அடித்தொனியை எழுப்ப முடியாது. அந்தப் பகுதியை அதிர்வுப் பெட்டியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். விளைவு, கதாநாயகனின் நாக்கு டெலிவிஷனுக்குப் பக்கத்திலும் தொண்டை சோபாவுக்குப் பின்னாலும் இருக்கும்! முன்பக்கத்துப் பெட்டிகளில் கூம்பு 5 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் 80 ஹெர்ட்ஸ் வரையில் தாமே பார்த்துக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ள ஒலிக்குத் திசை தெரியாது. அது எந்த மூலையிலிருந்து வந்தாலும் பாதகமில்லை.

அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் பழைய படங்கள். 1952-ல் வந்த "பராசக்தி", 1959-ல் வந்த "வீரபாண்டிய கட்டபொம்மன்" எல்லாம் ஒரே வழியில் பதிவான ஒலி. அப்படிப்பட்ட படத்தைச் சுற்றொலி யந்திரத்தில் டால்பி முறையில் போட்டால், இடமும் வலமும் ஒன்றாயிருப்பதைக் கண்டு அது எல்லாவற்றையும் நடுப்பெட்டிக்கே அனுப்பிவிடும். மற்றப் பெட்டிகள் வாயை மூடிக்கொண்டிருக்கும். (புதிதாக மாற்றிப் பதிவு செய்தவை வேறு விஷயம்.) இத்தனை அமர்க்களத்துக்குப் பிறகு சிவாஜி கணேசன் பேசப்போவது ஒரே ஒரு பெட்டியில். அது பொம்மைப் பெட்டியாயிருந்தால் என்ன பிரயோஜனம்?

நடுப்பெட்டி, இடம், வலம் மூன்றும் ஒரே குடும்பத்தில் பிறந்தவையாயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மோட்டார் திரையைக் கடக்கும்போது பாதியில் குரல் மாறிவிடும். நடுப்பெட்டி என்று படுக்கை வசத்தில் விற்கிறார்களே, பெரிய கூம்பு இரண்டு, நடுவில் சின்னக் கூம்பு, அதில் ஒரு குறை உண்டு. பக்கவாட்டில் உட்கார்ந்தால் இரண்டு கூம்பின் ஒலியும் ஒன்றையொன்று கொஞ்சம் தின்றுவிடும். இடமிருந்தால், மற்ற இரண்டைப் போலவே இன்னொன்றை நிமிர்த்தி வைப்பது உத்தமம். அலமாரிக்குள் தள்ளி வைக்காமல் விளிம்புவரை இழுத்து, முகத்தை உட்கார்ந்திருப்பவர் காதை நோக்கிச் சாய்க்க வேண்டும்.

கடையில் பரீட்சை செய்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. அவர்கள் வெடிகுண்டுக் காட்சியாகப் போட்டுக் காட்டுவார்கள். வெடிகுண்டு எந்தப் பெட்டியிலும் வெடிகுண்டுதான். வசனக் காட்சி ஒன்றைப் போடச் சொல்லி, சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். மெல்லிய சத்தத்திலும் சொல் சொல்லாகப் பிரிந்து கேட்டால் வாங்கலாம். பழைய பெட்டியாக வாங்குபவர்கள் கூம்பின் விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நம் கடலோர ஈரக் காற்றில் நுரை விளிம்பு நாளடைவில் உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பு நிற்கும். கம்பிக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு மின்சார வேலை செய்கிறவர் வைத்திருக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு ஹாலுக்குத் தாராளம். சிவப்பு கறுப்பு மாறாமல் இணைத்தால் சரி. "கம்பியில்லாப் பெட்டி" என்பதற்கும் மின்சாரக் கம்பி வேண்டும் என்பதைக் கடையில் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

எங்கள் ஹால் 12 அடிக்கு 10 அடி. சிமெண்டுச் சுவர், மொசைக் தரை. நடுவில் நின்று கை தட்டினால் "டிங்" என்று திருப்பித் தட்டும். அந்த அறையில் எந்தப் பெட்டியும் தெளிவாகப் பேச முடியாது. பரணிலிருந்த பவானி ஜமக்காளத்தைத் தரையில் விரித்து, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, புத்தக அலமாரியைப் பக்கச் சுவருக்கு நகர்த்தினேன். செலவு, திரைக்கு ஆனதுதான். பெட்டி மாற்றியதில் கிடைத்ததில் பாதியாவது இதிலேயே கிடைத்தது.

அதிர்வுப் பெட்டிக்கு இடம் கண்டுபிடிப்பது தமாஷான காரியம். 12 அடி நீளத்துக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸில் அறையே கூடச் சேர்ந்து பாடும். ஓரிடத்தில் முழக்கம் பொறுக்க முடியாது. இரண்டு அடி தள்ளினால் ஒன்றுமே இராது. ஆகையால் பெட்டியை நாம் உட்காரும் நாற்காலியில் ஏற்றி வைத்துப் பாட்டுப் போட்டுவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ வேண்டும். எங்கே தவழும்போது ஒலி சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை இறக்க வேண்டும். நான் அப்படித் தவழ்ந்துகொண்டிருந்தபோது என் மனைவி காப்பியோடு வந்தாள்.

"என்னங்க, எதைத் தொலைத்தீர்கள்?"

"14,000 ரூபாயை" என்றேன்.

பழைய செட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஒரு நல்ல யந்திரமும் முன்பக்கத்துக்கு மூன்று பெட்டிகளும், தள்ளுபடியில் ஒரு சிறிய அதிர்வுப் பெட்டியும் வாங்கினோம். பின்பக்கம் இன்னும் காலி. யந்திரத்தில் நாற்காலிக்கும் பெட்டிக்கும் உள்ள தூரத்தைப் பதிவு செய்து, நடுப்பெட்டியை மட்டும் 3 டெசிபல் உயர்த்தி வைத்தேன். டெலிவிஷனிலும் ஒலி அமைப்பில் சொந்த ஸ்பீக்கரை நிறுத்த வேண்டியிருந்தது. அது ஒரு வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை "பராசக்தி" போட்டோம். நீதிமன்றக் காட்சி வந்தது. அம்மா என் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "ஏண்டா இவ்வளவு சத்தம்? கொஞ்சம் குறையேன்" என்றாள்.