நிதானமான திரை

கிண்டிலில் நாவல் படித்துப் பழகியவர்களுக்கு இ-இங்க் திரை புதிதல்ல. நல்ல வெயிலிலும் எழுத்து மங்காது. ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் தாங்கும். அதே திரையில் கட்டுரை எழுதவும் நிரல் எழுதவும் முற்படுகிறவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். 2016இல் அமெரிக்காவின் ஆஸ்ட்ரோஹவுஸ் நிறுவனம் பழைய தட்டச்சுப்பொறியின் சாயலில் ஃப்ரீரைட் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு நார்வேயிலிருந்து ரீமார்க்கபிள் என்ற கைப்பலகை வந்தது. ஜப்பானின் கிங் ஜிம் நிறுவனம் தன் போமெரா என்ற மடக்குக் கருவியில் 2018இல் இந்தத் திரையைப் பொருத்தியது. சீனாவின் டாசுங், ஓனிக்ஸ் பூக்ஸ் நிறுவனங்கள் கணினியோடு இணைத்துக்கொள்ளும் மானிட்டர்களையே விற்கின்றன. அவற்றில் 25 அங்குலத்தைத் தாண்டியவையும் உண்டு. இவற்றுக்கான விளம்பரங்கள் பலவும் கண்ணுக்கு இதம் என்றே தொடங்குகின்றன. என் எண்ணம் வேறு. எழுதுகிறவருக்கும் ப்ரோகிராமருக்கும் இந்தத் திரை தரும் பெரிய உதவி, அது மெதுவாக மாறுகிறது என்பதுதான். தயாரிப்பாளர்கள் எதைக் குறை என்று எண்ணி ஒழிக்கப் பாடுபடுகிறார்களோ, அதற்காகவே இதை வாங்கலாம் என்கிறேன்.

ஏன் மெதுவாக மாறுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. 1970களில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் நிக் ஷெரிடன் தாள் போன்ற திரைக்காகத் தொடங்கிவைத்த தேடல் இது. இன்று நாம் பார்க்கும் வடிவம், எம்ஐடி மீடியா லேபில் ஜோசப் ஜேக்கப்சனும் அவர் மாணவர்களும் செய்த வேலையிலிருந்து வந்தது. 1997இல் அதற்காகவே இ-இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. திரைக்குள் தலைமுடி பருமனில் நுண்குமிழ்கள். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவம். அதில் மிதக்கும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். வெள்ளை டைட்டானியம் டையாக்ஸைடு, நாம் சுவருக்கு அடிக்கும் பெயின்டில் இருப்பதேதான். இரண்டு நிறத்துக்கும் எதிரெதிர் மின்னேற்றம். மின்புலத்தைத் திருப்பினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். வந்தபின் மின்சாரம் இல்லாமலே அங்கேயே நிற்கும். ஆக, இந்தத் திரையில் எழுத்து மாறும்போது உண்மையிலேயே ஒரு பொருள் திரவத்துக்குள் நீந்திப் போகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். பதினாறு சாம்பல் படிகளோடு ஒரு பக்கத்தைச் சுத்தமாக மாற்ற ஏறக்குறைய அரை விநாடி. கறுப்பு வெள்ளை மட்டும் போதும் என்றால் அதில் நாலில் ஒரு பங்கு நேரத்தில் முடிக்கலாம். ஆனால் பழைய எழுத்தின் நிழல் மிச்சம் நிற்கும். குளிரில் திரவம் கெட்டியாவதால் இன்னும் தாமதமாகும். சாதாரண லேப்டாப் திரையோ விநாடிக்கு அறுபது முறை புதுப்பித்துக்கொள்கிறது.

கண்ணுக்கு இதம் என்ற வாதத்தை நான் முன்னிறுத்தாததற்குக் காரணம், அதற்கான சான்று உறுதியாக இல்லை என்பதுதான். 2012இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் எல்சிடி திரையையும் இ-இங்க் திரையையும் ஒப்பிட்டு, பல மணி நேரம் படித்தாலும் களைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். தொழில்நுட்பத்தைவிட எழுத்தின் தெளிவே முக்கியம் என்பது அவர்கள் முடிவு. மறு ஆண்டு ப்ளோஸ் ஒன் இதழில் வந்த ஆய்வு இதற்கு நேர்மாறாக, எல்சிடியில் கண் அதிகம் சோர்கிறது, இ-இங்க் கிட்டத்தட்ட அச்சுப் புத்தகத்துக்குச் சமம் என்றது. தாளில் படித்தால் நன்றாகப் புரிகிறது என்பதற்கு 54 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வைச் சிலர் காட்டுவார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அது அசல் தாளைப் பற்றியது. அதன் பெருமையை இந்தத் திரைக்கு அப்படியே எடுத்துக்கொடுக்க முடியாது. கண் வலிக்கிறது என்பவர் எழுத்தைப் பெரிதாக்கி, அறை வெளிச்சத்தைச் சரிசெய்து, அவ்வப்போது எழுந்து தூரப் பார்த்தாலே பாதிச் சிரமம் குறையும். அதற்காகப் பல்லாயிரம் ரூபாய் போட வேண்டியதில்லை.

கவனம் என்று வரும்போது நிலைமை வேறு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் இருபது ஆண்டுகளாக அலுவலக ஊழியர்களின் கணினிப் பழக்கத்தை அளந்து வருபவர். 2004இல் ஒரு திரையில் ஒருவரின் கவனம் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றது. பின்னாளைய அளவீடுகளில் அது 47 விநாடியாகச் சுருங்கிவிட்டது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கண்ட இன்னொன்று: கவனச் சிதறல்களில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வருபவை அல்ல. போனும் அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. ஆள் தானாகவே வேலையை விட்டு வேறு டேபுக்குப் போகிறார். நோட்டிஃபிகேஷனை நிறுத்திவைப்பது ஏன் போதவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஒரு வாக்கியம் முட்டி நிற்கும்போது, ஒரு ஃபங்ஷன் ஏன் தவறான விடை தருகிறது என்று புரியாதபோது, மனம் அந்தச் சங்கடத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறது. பளபளக்கும் திரையில் தப்பிக்கும் வழி ஒரு விரல் தட்டலில் திறக்கிறது. போன இடத்தில் உடனே ருசியும் கிடைக்கிறது. இ-இங்க் திரையில் அதே வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் போன இடத்தில் ருசி இல்லை. ஸ்க்ரோல் செய்தால் பக்கம் கலங்குகிறது, வீடியோ துண்டுதுண்டாக நிற்கிறது, படங்கள் சாம்பலாகக் கிடக்கின்றன. யாரும் தடுக்காமலே ஆள் வந்த இடத்துக்குத் திரும்பிவிடுகிறார். மன உறுதியைச் செலவழிக்காமல் கிடைக்கும் கட்டுப்பாடு இது. மன உறுதியோ மாலை ஆனதும் தீர்ந்துபோகிற சரக்கு.

எழுத்தாளருக்குச் சரி, ப்ரோகிராமருக்கு இந்தத் தாமதம் தாங்குமா என்று கேட்கலாம். கணினி வரலாறு தெரிந்தவர்கள் இந்தக் கேள்விக்குப் பதற மாட்டார்கள். 1969இல் பெல் லேப்ஸில் கென் தாம்ப்ஸன் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய காலத்தில் அவரும் சகாக்களும் கட்டளைகளை அடித்தது திரையில் அல்ல. டெலிடைப் மாடல் 33 என்ற தட்டச்சு இயந்திரம் விநாடிக்குப் பத்து எழுத்து வீதம் தாளில் அடித்துத் தள்ளியது. அதற்கேற்ப அவர்கள் இரண்டெழுத்துக் கட்டளைகளையே அதிகம் வைத்தார்கள். தாம்ப்ஸன் எழுதிய இடி என்ற எடிட்டர், கேட்டால் ஒழிய ஒரு வரியைக்கூடக் காட்டாது. அடுத்து பெர்க்லியில் பில் ஜாய் 1976இல் விஐ எடிட்டரை எழுதியபோது வீட்டிலிருந்து 300 பாட் மோடம் வழியாகத்தான் வேலை செய்தார். திரை முழுவதும் வரைந்து முடிவதற்குள் மனதில் அடுத்த யோசனை தோன்றிவிடும் என்கிற வேகம் அது. அதனால்தான் விஐயில் உருட்டிக்கொண்டே போவதைவிட, தேடும் சொல்லுக்கு, பத்தியின் முடிவுக்கு, அடைப்புக்குறியின் ஜோடிக்கு ஒரே தாவலாகத் தாவும் கட்டளைகள் நிறைய. அந்த மரபில் வந்த விம் இன்றும் லட்சக்கணக்கானவர்களின் அன்றாடக் கருவி. மெதுவான திரைக்கென்றே உருவான மென்பொருள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. இ-இங்க் மானிட்டரில் விம்மும் டெர்மினலும் திறந்து வேலை செய்யும்போது எதுவும் குறைந்துபோவதில்லை.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, கணினி அறிவியலின் முன்னோடிகளில் ஒருவர், தன் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை மைப்பேனாவால் எழுதினார். அவருடைய பெயரெழுத்துகளோடு எண்ணிட்ட அந்தக் குறிப்புகள் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல். டெக்ஸஸ் பல்கலைக்கழகம் அவற்றைக் காத்து வைத்திருக்கிறது. நிரல் சரியானது என்று முதலில் யோசித்து நிறுவு, பிறகு இயந்திரத்திடம் கொடு என்பது அவர் கட்சி. எல்லோரும் அவராக முடியாது, முடியவும் வேண்டாம். ஆனால் ஒரு ப்ரோகிராமரின் நாளில் புதிதாக அடிக்கும் நேரத்தைவிட, யாரோ எழுதியதையும் தானே முன்பு எழுதியதையும் படித்துப் புரிந்துகொள்ளும் நேரம்தான் அதிகம் என்பதைத் தொழிலில் இருக்கிற யாரும் மறுக்க மாட்டார்கள். அந்த நேரத்துக்கு ஏற்றது அசையாத பக்கம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். இன்றைய நிரல் வேலை 1976இன் வேலை அல்ல. லாக் வரிகள் அருவியாகக் கொட்டும்; டீபக்கர் வரி வரியாக நகரும்; வலைப்பக்கம் செய்கிறவருக்கு நிறம் தெரிய வேண்டும். இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அந்த வேலைகளை இ-இங்க் திரையில் செய்யச் சொல்வது கொடுமை. நிரலில் சொற்களுக்கு நிறம் பூசுவதைப் பற்றி மட்டும் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் அந்த நிறங்களே வேண்டாம் என்று வேலை செய்கிறவர். தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் சரியான இடைவெளியும் பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். யோசித்து எழுதும் பகுதியையும் ஓட்டிப் பார்க்கும் பகுதியையும் இரண்டு திரைகளுக்குப் பிரித்துக்கொடுத்தால் இந்த மறுப்பின் வலு பெரும்பாலும் போய்விடுகிறது.

அதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. சாதாரண லேப்டாப்பைக் கறுப்பு வெள்ளையாக்கி, வைஃபையை அணைத்துவிட்டால் செலவில்லாமல் இதே பலன் கிடைக்காதா? ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் தன் பெரும் நாவல்களை இணையம் இல்லாத டாஸ் கணினியில், வேர்ட்ஸ்டார் 4.0இல்தான் எழுதுகிறார் என்பது ஊரறிந்த செய்தி. அவரிடம் இ-இங்க் இல்லை. கேள்வி சரிதான், முடிகிறவர்கள் அப்படியே செய்யட்டும். ஆனால் மார்ட்டினின் டாஸ் கணினியால் இணையத்துக்குப் போகவே முடியாது என்பதைக் கவனியுங்கள். நம் லேப்டாப்பில் அணைத்ததை ஒரு விசையில் மீண்டும் போடலாம். மனம் தளரும் அந்த நொடியில்தான் போடவும் செய்வோம். மென்பொருளால் போட்ட தடையை மென்பொருளாலேயே எடுத்துவிடலாம். திரவத்துக்குள் நீந்தும் துகளை எந்த செட்டிங்ஸாலும் லேப்டாப் திரை அளவுக்குச் சுத்தமாகவும் வேகமாகவும் ஓட்ட முடியாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. படிக்கும் பக்கம் நமக்கு ஓரளவு நேராகிவிட்டது: 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்கள் வந்தன, அதற்கு முன்பே ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனிப் பிடிஎஃப் தயாரித்து இலவசமாகக் கொடுத்து வந்தார்கள். எழுதும் பக்கம்தான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை அடித்தால் அது விழுந்த இடத்தில் நிற்கும். தமிழ்99 விசைப்பலகையில் ‘மொழி’ என்று அடிக்கும்போது நடப்பதைப் பாருங்கள். முதலில் ‘ம’ வருகிறது. ‘ஒ’ விசையை அழுத்தியதும் இடப்பக்கம் கொம்பு முளைக்கிறது, ‘ம’ வலப்பக்கம் நகர்கிறது, அதன் பின்னால் கால் வந்து ஒட்டுகிறது. ‘அக்கா’ என்று அடித்தால் இரண்டாவது ‘க’ விழும்போது முதல் ‘க’வின் தலையில் புள்ளி ஏறுகிறது. அதாவது ஏற்கெனவே வரைந்த எழுத்தை அழித்து மறுபடி வரைய வேண்டும். வேகமான கறுப்பு வெள்ளை முறையில் அழிந்த ‘ம’வின் நிழல் கொம்புக்குப் பின்னால் தங்கிவிடும். சொல் முடியும்வரை காத்திருந்து அந்தச் சொல்லை மட்டும் ஒருமுறை சுத்தமாகப் புதுப்பிப்பது போன்ற ஏற்பாடு மென்பொருளில் இருந்தால் இது தீர்ந்துவிடும். செய்ய முடியாத வேலை அல்ல. கருவியின் உள்ளே கைவைக்க அனுமதி இருந்தால் நம் நிரலாளர்களே செய்துகொள்வார்கள். எனவே தமிழில் எழுதப் போகிறவர் லினக்ஸ் போன்ற திறந்த அமைப்பை ஓட்டக்கூடிய கருவியை, அல்லது கணினியோடு வெறும் திரையாக இணையும் மானிட்டரைத்தான் வாங்க வேண்டும். பூட்டிவைத்த கருவிகளில் தமிழ் விசைப்பலகை வருமா என்று நிறுவனத்தின் தயவை எதிர்பார்த்துக் கிடக்க நேரும்.

விலையைப் பற்றி ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. உலகில் இந்தத் திரைகளில் பெரும்பகுதி ஒரே நிறுவனத்திடமிருந்து வருகிறது. 2009இல் தைவானின் ப்ரைம் வியூ இ-இங்க்கை வாங்கி அதன் பெயரையே சூட்டிக்கொண்டது. 25 அங்குல மானிட்டர் ஆயிரம் டாலருக்கும் மேல். கொடுக்கிற பணமும் இப்போது வேறு திசையில் போகிறது. கலைடோ என்ற வண்ணத் திரையில் துகள்களின் மேல் நிறவடிகட்டி ஒட்டப்படுகிறது. அதனால் பின்னணி மங்குகிறது, நிறப் படத்தின் நுணுக்கம் அங்குலத்துக்கு 300 புள்ளியிலிருந்து 150ஆகக் குறைகிறது. கூடவே ஆண்ட்ராய்டு, ஆப் ஸ்டோர், வீடியோ ஓடும் அளவுக்கு வேகம். படக்கதை படிப்பவருக்கு இவை பயன்படும், மறுக்கவில்லை. எழுதுவதற்கென்று வாங்குகிறவர் இவற்றுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், தான் எதைத் தேடி வந்தாரோ அதைக் கெடுப்பதற்கான விலை. இரண்டு நிறம், நல்ல விசைப்பலகை இணைப்பு, திறந்த மென்பொருள், இவ்வளவு போதும். போன தலைமுறைக் கருவிகளில் இவை கிடைக்கின்றன, விலையும் குறைவு.

அதையும் வாங்குவதற்கு முன் அதிகச் செலவில்லாத ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு வாரம், அன்றன்று எழுதிய கட்டுரையையோ நிரலையோ பிரின்ட் எடுத்து, கணினியை மூடிவிட்டு, பென்சிலோடு அரை மணி நேரம் படியுங்கள். திரையில் கண்ணில் படாத பிழைகள் தாளில் கண்ணில் பட்டனவா, மறுநாள் திருத்தும் வேலை குறைந்ததா என்று எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் உங்களுக்கு இந்தத் திரை தேவையில்லை, பிரின்டரையும் மூடிவைக்கலாம். தெரிந்தால், தினமும் தீரும் தாளுக்கும் டோனருக்கும் ஆகும் செலவைக் கணக்குப் போட்டு, அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.