ஐயத்தைச் சொல்லும் ஆங்கிலம்

1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும், 1961-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றிய காலத்தில், சென்னையின் மேற்குப் புறத்திற்குப் பிழைப்பைத் தேடி வந்தவர்களுக்குக் கைத்திறனே தலையாய யோக்கியதையாக இருந்தது. இன்றோ, அதே தொழிற்பேட்டையின் லேத்துப் பட்டறைகளுக்கு அருகிலேயே மென்பொருள் அலுவலகங்கள் எழுந்துவிட்டபடியாலும், உதிரிபாகம் செய்யும் நிறுவனங்களுக்கு அயல்நாட்டு வாடிக்கையாளரின் ஆடிட்டர்கள் வந்துபோவதாலும், ஆங்கிலத்தில் சம்பாஷிக்கத் தெரியாதவர் உத்தியோகத்தில் மேலேறுவது அரிதென்ற நிலைமை உண்டாகியிருக்கிறது. பூந்தமல்லியிலும் ஆவடியிலும் கடைவீதி மாடிகளில் நடைபெறும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளுக்கு, வேலை முடிந்த களைப்போடு இளைஞர்கள் செல்வது இதனால்தான். அவர்களுடைய பிரயாசை போற்றத்தக்கது. ஆனால், தெரியாததையும் அரைகுறையாகத் தெரிந்ததையும் ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது என்பதை அவர்களுக்கு நாம் பெரும்பாலும் கற்பிப்பதில்லை.

தடங்கலின்றிப் பேசு, தயங்காதே என்பதே நம் போதனையாக இருக்கிறது. அப்படிப் பயின்ற ஓர் இளைஞனிடம் ஆடிட்டர் ஒருவர், இந்த லாட்டுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் ஆகிவிட்டதா என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஆகியிருக்கும் என்று அவன் நம்புகிறான். ஆயினும் பதிவேட்டைப் பார்த்தவனல்லன். அந்த நிலையைச் சொல்ல ஆங்கிலச் சொல் கைவசம் இல்லாமையால், 'யெஸ் சார்' என்று சொல்லித் தன்னை அறியாமலே பொய்யனாகிறான். அல்லது வாயடைத்து நின்று, விஷயம் அறியாதவன் என்ற பெயரை எடுக்கிறான். 'ஐ திங்க் ஸோ, பட் லெட் மீ செக்' என்னும் எளிய வாக்கியம் ஒன்று அவன் நாவில் இருந்திருந்தால், அவனுடைய நாணயமும் நிறுவனத்தின் நாணயமும் ஒருங்கே காப்பாற்றப்பட்டிருக்கும்.

ஐயத்தை அளந்து சொல்லும் கலை தமிழனுக்குப் புதிதன்று. 'கொல்' என்னும் இடைச்சொல் ஐயப்பொருளில் வருமென்று தொல்காப்பியர் விதித்தார்; திருக்குறளின் காமத்துப்பாலில் முதற் குறளே அச்சொல்லை மும்முறை ஆண்டு தலைவனின் மயக்கத்தைக் காட்டுகிறது; வினாவை அறுவகையாக வகுத்த மரபு ஐயவினாவுக்கும் தனியிடம் கொடுத்தது. அன்றாடப் பேச்சிலும், மழை வருமாம் என்பது பிறர் சொல்லக் கேட்டது, வரும் போலிருக்கிறது என்பது வானத்தைப் பார்த்து ஊகித்தது, வருமோ என்னவோ என்பது ஒன்றும் துணியாதது என்ற வித்தியாசம் நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். இத்துணை நுட்பத்தைத் தாய்மொழியில் இயல்பாகப் பெற்றிருந்தும், ஆங்கிலத்தில் வாய்திறந்தவுடன் 'யெஸ்', 'நோ' என்ற இரண்டைத் தவிர வேறு கதியின்றி நம் இளைஞன் நிற்பது நம் போதனா முறையின் குறையேயாகும்.

ஆங்கிலத்திலும் ஐயத்தின் இந்தப் படிகள் எல்லாம் உண்டு. 'ப்ராபப்லி' என்பது அநேகமாக என்னும் நம்பிக்கையைத் தருகிறது. 'மேபி' என்பது எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது. 'ஐ கெஸ்' என்பது பாரம் ஏற்றாத சாதாரண ஊகம். 'ஐ சப்போஸ்' என்பதோ, சொல்லும் தொனியைப் பொறுத்து, அரைமனதான சம்மதமாகவும் ஒலிக்கும். நம் வகுப்பறைகளில் கேள்வி கேட்க எழுந்திருக்கும் மாணவன் 'ஐ ஹேவ் எ டவுட்' என்கிறான். விளக்கம் வேண்டும் என்பதே அவன் கருத்து. அயல்நாட்டார் செவியிலோ, தாம் சொன்னதை அவன் நம்பவில்லை என்பதுபோல அது விழக்கூடும். 'ஐ டவுட் இட்' என்றாலோ, அப்படி இராது என்றே பொருள்படும். இப்பிரயோகங்களை அகராதியைக் கொண்டு மட்டும் கற்றுவிட முடியாது. யாரிடம், எந்தத் தருணத்தில் சொல்வது என்று கேட்டும் பேசியுமே பழக வேண்டும்.

பேச்சினிடையே வரும் 'அ', 'அம்' என்னும் ஒலிகளைக்கூடக் குற்றமென்று ஒதுக்குதல் தகாது. முன்னது சிறு தாமதத்தையும் பின்னது நெடிய தாமதத்தையும் கேட்பவருக்கு அறிவிக்கின்றன என்று ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்னும் அறிஞர் இருவர் 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் எடுத்துரைத்தனர்.

தயங்கிப் பேசப் பழக்கினால் இளைஞர் உறுதி இழப்பர் என்று சிலர் அஞ்சலாம். உறுதியாகச் சொல்ல வேண்டிய இடத்தை அறிவதும் இக்கல்வியின் பகுதியே. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த ஏவியாங்கா விமானத்தின் துணை விமானி, எரிபொருள் தீர்ந்து வருவதைத் தெரிவித்தாரேயன்றி, 'எமர்ஜென்சி' என்ற சொல்லைத் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தாரிடம் சொன்னாரில்லை. 73 பேர் மாண்டனர். சொல்லின் எடையை அறிந்தவனே தயங்க வேண்டிய இடத்தில் தயங்கி, தயங்கலாகாத இடத்தில் முழங்குவான்.

ஆகவே, 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் ஆங்கிலப் பயிற்சியிலும், அம்பத்தூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றின் வகுப்புகளிலும் இதற்கெனச் சில பாடங்களை ஒதுக்குவது அவசியம். அதனினும் அவசியமானது, இன்டர்வியூ நடத்துவோரின் மனமாற்றம். தனக்கு உறுதியாகத் தெரியாததை அவ்வாறே சொல்லி, விசாரித்துச் சொல்கிறேன் என்னும் இளைஞனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல் கூட்டிப் போடுங்கள். இயந்திரத்தையும் மனித உயிரையும் நம்பி ஒப்படைக்கத்தக்கவன் அவனே.